மோட்டார் சைக்கிளில் கேமரா: எதை வாங்குவது, எங்கே பொருத்துவது?

சாலையில் மோட்டார் சைக்கிள் ஒன்று விழுந்து கிடந்தால், ஓடி வருகிறவர்கள் கீழே கிடப்பவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி உட்கார வைத்ததும் கேட்கும் முதல் கேள்வி, "நம்பர் பார்த்தியா தம்பி?" என்பதுதான். பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. வெள்ளை மைவி, நீல லோரி என்ற அளவில்தான் நினைவில் நிற்கும். மோதிய வாகனம் அடுத்த சமிக்ஞை விளக்கைத் தாண்டிப் போயிருக்கும்.

மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பத்தில் ஆறு பேருக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கும், கிள்ளானிலிருந்து ஷா ஆலாமுக்கும், ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கும் விடியுமுன் கிளம்பும் நம்மவர்களில் பலருக்கு இரு சக்கரம்தான் வாகனம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை, வார இறுதியில் கேமரன் மலைக்கும் பெத்தோங்கிற்கும் கூட்டமாகச் செல்லும் இளைஞர்களின் தலைக்கவசத்தில் மட்டுமே காணப்பட்ட ஆக்‌ஷன் கேமரா, இப்போது உணவு விநியோகிப்பவர்களின் வண்டியிலும் ஈஎக்ஸ்5 கப்சாயிலும்கூடத் தென்படுகிறது. அதற்குக் காரணம் உண்டு.

கப்சாய் வைத்திருப்பவர்களில் பலர், குறிப்பாக வண்டி பழையதானால், மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே எடுக்கிறார்கள். மற்றவருக்கு நேரும் பாதிப்புக்குத்தான் அந்தக் காப்புறுதி பணம் தரும். சொந்த வண்டி நொறுங்கினாலும் சொந்தக் கால் உடைந்தாலும், இழப்பீட்டை மோதியவரின் காப்புறுதி நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். அதற்கு இரண்டு விஷயங்கள் கட்டாயம் வேண்டும்: மோதிய வாகனத்தின் எண், தவறு அவர் பக்கம் என்பதற்கு ஆதாரம். இரண்டையும் தரக்கூடிய கருவி என்ற கண்ணோடு பார்த்தால், கேமரா வாங்கும் முறையே மாறிவிடும். கடையில் காட்டும் விளம்பரக் காணொளியில் மலையும் கடலும் எவ்வளவு அழகாகத் தெரிகின்றன என்பது அப்போது இரண்டாம்பட்சம். பத்து மீட்டர் தள்ளிப் போகும் காரின் எண் பட்டை படிக்க முடிகிறதா என்பதே கேள்வி.

கைத்தொலைபேசி போதாதா?

பலரும் கேட்கும் கேள்வி இது. ஹேண்டல் பாரில் கைத்தொலைபேசியை மாட்டி வழி பார்க்கிறோமே, அதிலேயே பதிவு செய்தால் என்ன? செய்யலாம், ஆனால் கைத்தொலைபேசி கெடும். பல கைத்தொலைபேசிகளில் படம் ஆடாமல் இருப்பதற்காக லென்ஸே நுண்ணிய அளவில் அசையும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. இயந்திர அதிர்வு அந்த நுண்பாகங்களைப் பழுதாக்கும். அதிக சக்தி கொண்ட மோட்டார் சைக்கிள் இயந்திரங்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் செயல்திறனைக் குறைக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. ஆக்‌ஷன் கேமராக்களில் பெரும்பாலானவை லென்ஸை அசைப்பதில்லை. ஆட்டத்தை மென்பொருள்தான் சரிசெய்கிறது. அதனால்தான் அவை அதிர்வைத் தாங்குகின்றன.

உள்ளங்கையில் அடங்கும் அளவு, அகலப் பார்வை கொண்ட லென்ஸ், தண்ணீர் புகாத உடல் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் ஆக்‌ஷன் கேமரா. கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்கு விளையாடிக்கொண்டிருந்த நிக் வுட்மன் தொடங்கிய கோப்ரோ நிறுவனம், 2004-இல் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பிலிம் கேமராவாக இதை முதலில் விற்றது. இன்று சந்தையில் கோப்ரோ ஹீரோ வரிசை, டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் வரிசை, இன்ஸ்டா360 ஆகிய மூன்றும் முன்னணியில் உள்ளன. இவற்றின் புதிய மாடல்கள் பொதுவாக ஆயிரம் வெள்ளியைத் தாண்டும்.

இருநூறு வெள்ளிக்குக் குறைவான கேமராக்களும் இணையத் தளங்களில் குவிந்து கிடக்கின்றன. பெட்டியில் '4கே' என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அவற்றில் பல, குறைந்த தரத்தில் எடுத்த படத்தை 4கே அளவுக்கு இழுத்துப் பெரிதாக்குபவை. மாவைத் தண்ணீர் விட்டு நீட்டி நூறு தோசை ஊற்றுவது போலத்தான் இது. எண்ணிக்கை இருக்கும், கனம் இருக்காது. அந்தப் பணத்துக்கு, முன்னணி நிறுவனங்களின் இரண்டு மூன்று தலைமுறை பழைய கேமராவை நம்பகமானவரிடமிருந்து பயன்படுத்திய நிலையில் வாங்குவது மேல். அப்படி வாங்கும்போது பேட்டரி உப்பியிருக்கிறதா, யுஎஸ்பி மூடியின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். புதிதாக வாங்குவதென்றால், உத்தரவாதம் இந்நாட்டில் செல்லுமா என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்வது அவசியம். விலை குறைந்த இறக்குமதி செட்டுகளில் இங்குதான் சிக்கல் வரும்.

இன்னொரு வகையையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்யப்பட்ட, முன்னும் பின்னும் ஒவ்வொரு லென்ஸ் கொண்ட பயணப் பதிவுக் கேமராக்கள் கிடைக்கின்றன. வியோஃபோ எம்டி1, இன்னோவ் கே வரிசை ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. வண்டியின் மின்சாரத்தில் இயங்கும்; சாவியைத் திருப்பியதும் தானே பதிவைத் தொடங்கும். தினமும் ஒரே வழியில் வேலைக்குப் போய்வருகிறவருக்கு, வேறு எந்த ஆசையும் இல்லையென்றால், இதுவே பொருத்தமானது. பின்னாலிருந்து மோதும் வாகனத்தைத் தலைக்கவசக் கேமரா ஒருபோதும் பார்க்காது. ஆனால் இதை வண்டியிலிருந்து கழற்றிப் பிள்ளையின் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கோ தைப்பூசத்துக்கோ எடுத்துப் போக முடியாது. ஒரே கேமரா எல்லாவற்றுக்கும் வேண்டும் என்பவர்கள் ஆக்‌ஷன் கேமராவுக்கு வருவது அதனால்தான்.

எண் பட்டைக் கணக்கு

கேமரா எவ்வளவு அகலமாகப் பார்க்கிறதோ, அவ்வளவுக்கு ஒவ்வொரு பொருளும் படத்தில் சிறுத்துப் போகும். இதைச் சிறு கணக்கால் விளக்கலாம். 4கே படத்தின் அகலம் 3,840 புள்ளிகள். கேமரா 120 பாகை அகலத்தைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு பாகைக்கு 32 புள்ளிகள். சுமார் 45 சென்டிமீட்டர் அகல எண் பட்டை, பத்து மீட்டர் தூரத்தில் இரண்டரைப் பாகைதான் இருக்கும். அதாவது 80 புள்ளிகள். மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட பட்டையென்றால், ஓர் எழுத்துக்குப் பதினொரு புள்ளிகள் கிடைக்கும். தட்டுத் தடுமாறிப் படித்துவிடலாம். இதே காட்சியை 1,920 புள்ளி அகலமுள்ள 1080பி தரத்தில் எடுத்தால் ஓர் எழுத்துக்கு ஐந்தாறு புள்ளிகளே மிஞ்சும். 8-ஆ, 3-ஆ, பி-யா என்று குழம்ப வேண்டியதுதான்.

எனவே 4கே தரத்தில் பதிவு செய்வதும், அமைப்பில் 'சூப்பர்வியூ', 'வைட்' போன்ற மிக அகலப் பார்வையைத் தவிர்த்து 'லீனியர்' என்பதைத் தேர்ந்தெடுப்பதும் நல்லது. பார்வை குறுகும்போது அதே பட்டைக்குக் கூடுதல் புள்ளிகள் கிடைக்கும். யூடியூப் காணொளிகளில் வேகம் அதிகமாகத் தெரிவதற்காகவே அகலப் பார்வையைப் பயன்படுத்துகிறார்கள். சாட்சிக்கு அது வேண்டாம்.

விநாடிக்கு எத்தனை படங்கள் என்பது அடுத்தது. முந்திச் செல்லும் கார் நம் வேகத்தைவிட மணிக்கு 20 கிலோமீட்டர் மட்டும் கூடுதலாகப் போகிறது என்றால், மூன்று மீட்டரிலிருந்து பத்து மீட்டர் தூரம் போவதற்கு ஒரு விநாடிக்கும் மேல் ஆகும். விநாடிக்கு 30 படங்கள் என்ற அமைப்பில் முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள் கிடைக்கும். ஒன்றாவது தெளிவாக விழும். எதிரே வரும் வாகனத்தின் கதை வேறு. இருவரும் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அதே ஏழு மீட்டர் ஐந்தில் ஒரு விநாடியில் கடந்து போய்விடும். கிடைப்பவை ஆறே படங்கள். தோட்டப்புறச் சாலைகளிலும் கம்போங் சாலைகளிலும் நடுவே தடுப்பு இருக்காது. அங்கே ஓட்டுகிறவர்கள் பகலில் 60 படங்கள் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இரவில் இந்தக் கணக்கெல்லாம் தளர்ந்துவிடும். வெளிச்சம் போதாதபோது கேமரா ஒவ்வொரு படத்தையும் கூடுதல் நேரம் எடுத்துப் பதிக்கும். அதற்குள் வாகனம் நகர்ந்துவிடும், எழுத்து இழுபடும். மென்பொருள் ஆட்டத்தைச் சரிசெய்ய முயலும்போது அந்த இழுப்பு இன்னும் மோசமாகும். ஆகவே இரவில் அந்த வசதியைக் குறைத்து வைத்து, விநாடிக்கு 30 படங்களுக்குத் திரும்பலாம். முன்விளக்கை ஏற்றிக்கொண்டு எதிரே வரும் காரின் எண்ணை எந்த ஆக்‌ஷன் கேமராவும் படிக்காது. பெரிய சென்சார் கொண்ட மாடல்கள் ஓரளவு மேல். டிஜேஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 4 அதற்காகவே பேசப்பட்டது. என்றாலும் விளம்பரத்தில் காட்டும் இரவு வேறு, தெருவிளக்கில்லாத தோட்டச் சாலையின் இரவு வேறு.

இதற்குக் காசில்லாத மருந்து ஒன்று உண்டு. எண்ணைக் கண்ணால் கண்ட அந்த நொடியே அதை வாய்விட்டு உரக்கச் சொல்லிவிட வேண்டும். கேமராவின் ஒலிவாங்கி அதைப் பதிந்துகொள்ளும். படத்தில் விழாத எண் குரலில் விழுந்திருக்கும். அதிர்ச்சியில் மறந்துபோனாலும் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முகவாய்க்கு அருகே பொருத்திய கேமராவில் காற்றிரைச்சலையும் மீறி இது ஓரளவு தெளிவாகவே கேட்கும்.

மெமரி கார்டும் சுழற்சிப் பதிவும்

விநாடிக்கு 60 மெகாபிட் அளவில் பதிவு செய்தால் 64 ஜிபி கார்டு ஏறத்தாழ இரண்டே கால் மணி நேரத்தில் நிரம்பும். 128 ஜிபி நாலரை மணி நேரம் தாங்கும். வி30 என்று குறிக்கப்பட்ட, இடைவிடாத பதிவைத் தாங்கும் 'ஹை எண்டியூரன்ஸ்' வகை கார்டாகப் பார்த்து வாங்குவது நல்லது. பசார் மாலாமில் பாதி விலைக்கு விற்கும் 256 ஜிபி கார்டில் உண்மையில் 16 ஜிபிதான் இருக்கும் என்பது புதிய மோசடியல்ல. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசக் கணினி நிரல் அதைக் கண்டுபிடித்துவிடும்.

கார்டு நிரம்பியதும் பழையதை அழித்துப் புதியதை எழுதுவது சுழற்சிப் பதிவு. இங்கே பலர் அறியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. பயணப் பதிவுக் கேமராக்களில் கார்டு முழுவதும் நிரம்பிய பிறகே பழைய கோப்பு அழியும். அதிர்வு உணரப்பட்டால் அந்தக் கோப்பு தனியே பூட்டி வைக்கப்படும். கோப்ரோவில் அப்படியல்ல. 'லூப்பிங்' அமைப்பில் ஐந்து நிமிடம் என்று தேர்ந்தெடுத்தால், கடைசி ஐந்து நிமிடம் மட்டுமே கையில் இருக்கும். விழுந்தவர் நினைவிழந்து கிடக்க, கேமரா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால், ஆம்புலன்ஸ் வருவதற்குள் விபத்துக் காட்சியே அழிந்திருக்கும். ஆகவே 120 நிமிடம் அல்லது அதிகபட்சம் என்பதே சரியான தேர்வு. எந்தப் படத்தரத்தில் இந்த வசதி இயங்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். கடையில் பெட்டியைத் திறந்ததும் அதைப் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

கடிகாரத்தையும் சரிபார்க்க வேண்டும். பேட்டரியை நெடுநாள் கழற்றி வைத்தால் தேதியும் நேரமும் பழையபடி ஆகிவிடலாம். போலீஸ் புகாரில் காலை 6.40 என்றும் காணொளியில் நள்ளிரவு 12.10 என்றும் இருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதைவிட இனிப்பான செய்தி கிடையாது. ஜிபிஎஸ் உள்ள கேமரா இடத்தையும் வேகத்தையும் சேர்த்துப் பதியும். கோப்ரோ ஹீரோ12-இல் அந்த வசதி நீக்கப்பட்டு, 2024-இல் வந்த ஹீரோ13-இல் திரும்ப வந்தது. அது நம் வேகத்தையும் சேர்த்துத்தான் பதியும் என்பதை மறக்க வேண்டாம்.

எங்கே பொருத்துவது?

முகத்தை முழுதும் மூடும் தலைக்கவசம் அணிபவர்களுக்குக் கேள்வியே இல்லை. முகவாய்ப் பகுதிதான் சிறந்த இடம். கண் பார்க்கும் உயரத்திலேயே கேமரா பார்க்கும், காற்றுத் தடை குறைவு, தலை திரும்பினால் கேமராவும் திரும்பும். சந்திப்பில் இரு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்தினோம் என்பதற்கு அதுவே சாட்சி.

நம்மவர்களில் பெரும்பாலோர் அணிவது முகவாய் இல்லாத திறந்த தலைக்கவசம். அதில் மிஞ்சுவது உச்சியும் பக்கவாட்டும். உச்சியில் வைத்தால் முன்னால் நிற்கும் கார்களுக்கு மேலாகப் பார்வை கிடைக்கும் என்றாலும், செம்பனைத் தோட்டச் சாலைகளில் தாழத் தொங்கும் மட்டைகள் அதைப் பிடித்து இழுக்கும். கழுத்துக்கு அது நல்லதல்ல. பக்கவாட்டில் வைத்தால் 150 கிராம் எடை ஒரு பக்கம் இழுப்பதோடு, வேகத்தில் காற்று தலையைத் திருப்பப் பார்க்கும். அரை மணி நேரப் பயணத்துக்குப் பரவாயில்லை. தினமும் இரண்டு மணி நேரமென்றால் கழுத்து கேள்வி கேட்கும். இன்ஸ்டா360 கோ 3 போன்ற, 35 கிராம் எடையே உள்ள சின்னக் கேமராவானால் இந்தத் தொல்லை குறையும். அதற்கு ஈடாகப் பேட்டரி நேரத்தையும் படத்தரத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

நெஞ்சுப் பட்டை கப்சாய்க்குப் பொருந்தும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவதால் கேமரா நேராகச் சாலையைப் பார்க்கும். ஆனால் மழைச்சட்டையைப் போட்டதும் காட்சி இருண்டுவிடும். நம் ஊரில் மாலை மழை எப்போது வரும் என்று சொல்லவா வேண்டும்?

வண்டியிலேயே பொருத்த நினைப்பவர்கள் ஹேண்டல் பாரில் மாட்டும் கிளாம்பை வாங்கிவந்து விழிப்பதுண்டு. ஈஎக்ஸ்5, கிரிஸ், வேவ் போன்ற கப்சாய்களில் ஹேண்டல் பார் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். கிளாம்ப் பிடிக்க இடமில்லை. பக்கக் கண்ணாடியின் தண்டிலோ, கண்ணாடி போல்ட்டுக்கு அடியில் வைக்கும் தகட்டிலோதான் பொருத்த வேண்டும். யமஹா வண்டிகளில் வலப்பக்கக் கண்ணாடியின் மரை எதிர்த்திசையில் இருக்கும். வழக்கமான பக்கம் பலங்கொண்டு திருப்பினால் கழலாது, மரைதான் கெடும். கண்ணாடித் தண்டு நீளமானால் ஒற்றைச் சிலிண்டர் இயந்திரத்தின் அதிர்வில் படம் ஜெல்லி போல ஆடும். எவ்வளவு தாழ்வாக, எவ்வளவு குட்டையான கையோடு பொருத்துகிறோமோ அவ்வளவு நல்லது. கிளாம்புக்குள் சைக்கிள் டியூப் ரப்பர் துண்டு ஒன்றைச் சுற்றி இறுக்கினால் அதிர்வு தணிவதோடு வழுக்குவதும் நிற்கும்.

தலைக்கவசத்தில் ஒட்டுவதாக இருந்தால் அவசரப்படக் கூடாது. ஒட்டும் இடத்தைச் சவர்க்கார நீரில் துடைத்து, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் மறுபடி துடைத்துக் காயவிட வேண்டும். தின்னரும் பெட்ரோலும் கூடவே கூடாது. அவை தலைக்கவசத்தின் பிளாஸ்டிக்கைப் பலவீனமாக்கும். ஒட்டியபின் அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒரு நாள் முழுதும் தொடாமல் விடவேண்டும். பசை முழு வலிமை பெற அந்த நேரம் தேவை. காலையில் ஒட்டிய கேமரா மாலையில் ஃபெடரல் நெடுஞ்சாலையில் விழுந்து நொறுங்கியதாகக் கேள்விப்படும் கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் காரணம். கேமராவையும் தலைக்கவசத்தையும் இணைத்து ஒரு மெல்லிய கயிறும் கட்டிவைக்கலாம். அது ஓர் இழுப்பில் அறுந்துவிடும் அளவுக்கே இருக்க வேண்டும்.

தலைக்கவசத்தில் துளையிட்டுத் திருகாணியால் பொருத்துவதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. தலைக்கவசத்தின் ஓடு, அடியைப் பரப்பித் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது; துளை விழுந்த ஓடு விரிசல் விட்ட பானைக்குச் சமம். அதோடு, விழும்போது கேமரா பிய்த்துக்கொண்டு போகவேண்டும். திருகாணியால் இறுக்கியது பிய்யாமல் தரையில் மாட்டித் தலையைத் திருப்பும். கேமரா போனால் வாங்கிக்கொள்ளலாம். சிரிம் முத்திரை உள்ள நல்ல தலைக்கவசம் இல்லாமல் கேமராவுக்குச் செலவழிக்க நினைப்பவர், முதலில் அந்தப் பணத்தில் தலைக்கவசத்தை வாங்க வேண்டும்.

பொருத்திய பிறகு, கோணத்தை வீட்டு வாசலிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். வண்டியில் ஏறி, வழக்கமாக ஓட்டும் வாக்கில் அமர்ந்து, கைத்தொலைபேசிச் செயலியில் காட்சியைப் பார்க்க வேண்டும். அடிவானம் படத்தின் நடுவில் விழ வேண்டும். நின்ற நிலையில் சரிபார்த்தவர்களின் கேமரா, சாலையில் மேகத்தையோ மீட்டரையோதான் படம் பிடிக்கும். பிறகு பக்கத்து வீட்டுக் காரை ஐந்து, பத்து, பதினைந்து மீட்டரில் நின்று பதிவு செய்து, எந்தத் தூரம் வரை எண் படிக்க முடிகிறது என்று பார்த்துவைப்பது நல்லது.

வெயிலும் மழையும்

கோப்ரோவின் அண்மைய மாடல்கள் தனி உறையின்றி 10 மீட்டர் ஆழம் வரையும், ஆஸ்மோ ஆக்‌ஷன் 4 18 மீட்டர் வரையும் தாங்கும். மழை அவற்றுக்கு ஒரு பொருட்டல்ல. சிக்கல் வருவது மின்சாரத்தில்தான். 4கே பதிவில் பேட்டரி ஒன்றரை மணி நேரம் வந்தாலே பெரிது என்பதால், வண்டியிலிருந்தோ பவர் பேங்கிலிருந்தோ ஒயர் இழுக்கிறார்கள். ஒயர் செருக மூடியைத் திறந்த கணமே தண்ணீர்த் தடுப்பு போய்விடும். ஒயர் நுழையும் துளையோடு கூடிய தனி மூடி விற்கிறது. அதை வாங்காமல் மழையில் ஒயர் போட்டு ஓட்டக் கூடாது. வண்டியிலிருந்து மின்சாரம் எடுப்பவர்கள், சாவியை அணைத்தால் அதுவும் அணையும்படி இணைக்கச் சொல்ல வேண்டும். கப்சாயின் சின்ன பேட்டரி ஒரே இரவில் வறண்டுவிடும்.

மதிய வெயிலில் நிறுத்திய வண்டியில் கேமராவை விட்டுப்போவதும் கூடாது. சூட்டில் பேட்டரி உப்பும். மாமாக் கடையில் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் திருடு போகும் வாய்ப்பும் உண்டு. சமிக்ஞையில் நெடுநேரம் நிற்கும்போது காற்றோட்டமின்றிக் கேமரா சூடாகித் தானே அணைவதுண்டு. அவ்வப்போது சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டும். செம்மண் தூசு படிந்த லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

எல்லை கடப்பவர்கள் கவனத்திற்கு

ஜொகூர் பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்பவர்கள், இரு பக்கக் குடிநுழைவு வளாகங்களுக்குள்ளும் நுழையுமுன் கேமராவை நிறுத்திவிட வேண்டும். சிங்கப்பூர்ச் சோதனைச் சாவடிகளில் அனுமதியின்றிப் படமோ காணொளியோ எடுப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. பதிவாகிக்கொண்டிருக்கும் சிவப்பு விளக்கோடு அதிகாரியின் முன் போய் நின்றால், வேலைக்குத் தாமதமாவது மட்டும் பிரச்சினையாக இருக்காது. லென்ஸை மூடினால் போதும் என்று நினைக்காமல், அணைத்துக் கழற்றிப் பையில் வைப்பதே பாதுகாப்பு. இப்பாலோ அப்பாலோ வெளியே வந்ததும் மறக்காமல் மீண்டும் போட வேண்டும். தானே தொடங்கும் பயணப் பதிவுக் கேமரா வைத்திருப்பவர்கள், அதைக் கையால் அணைக்கும் விசை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பது கட்டாயம்.

விபத்து நேர்ந்துவிட்டால்

மலேசியாவில் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தெரிவிக்க வேண்டும். சிங்கப்பூரில், காப்புறுதி நிறுவனத்துக்கும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். புகார் கொடுக்கும்போதே, தம்மிடம் காணொளிப் பதிவு இருக்கிறது என்ற வாசகத்தையும் அதில் சேர்க்கச் சொல்வது முக்கியம். பிறகு நினைவு வந்து காணொளியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், இத்தனை நாள் எங்கே இருந்தது என்ற கேள்வி வரும்.

செய்ய வேண்டிய முதல் காரியம் கேமராவை அணைத்துக் கார்டைப் பத்திரப்படுத்துவது. மோதலில் பேட்டரி தெறித்துப் பதிவு பாதியில் நின்றிருந்தால், கார்டைக் கணினியில் போட்டுப் பார்க்க அவசரப்படாமல் அதே கேமராவில் போட்டு இயக்க வேண்டும். அறுந்துபோன கோப்பைக் கோப்ரோ தானே சரிசெய்ய முயலும். பிறகு நகல்கள் எடுத்துக்கொண்டு, விசாரணை அதிகாரிக்கு நகலைக் கொடுக்கலாம். மூலக் கார்டைத் திரும்பப் பயன்படுத்தாமல் தனியே எடுத்துவைத்துவிட்டு, வண்டிக்கு வேறு கார்டு வாங்கிக்கொள்வது நல்லது. இருபது முப்பது வெள்ளியைப் பார்த்தால் ஆகாது. கோப்பை வெட்டவோ, பாட்டுச் சேர்க்கவோ, எழுத்துப் போடவோ கூடாது. 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு, கணினி வழி உருவான ஆவணங்களை நீதிமன்றத்தில் முன்வைக்க வழி செய்கிறது. அதற்கான சான்றிதழ் போன்ற நடைமுறைகளை வழக்கறிஞர் கவனித்துக்கொள்வார். அவர் கையில் வெட்டாத மூலம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். போலீஸ் வரையும் விபத்து வரைபடமான 'ராஜா காசார்' ஒன்று சொல்லி, காணொளி வேறொன்று காட்டினால், அதைச் சுட்டிக்காட்டுவதற்கும் அந்த மூலமே உதவும்.

வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து நடந்தால் சொக்சோ இழப்பீட்டுக்கு வழியுண்டு. 1969-ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடைப்பட்ட பயண விபத்தைத் தொழில் விபத்தாகவே கருதுகிறது. வழி விலகிப் போனோமா, எந்நேரம் கிளம்பினோம் என்பவையே அங்கு எழும் கேள்விகள். வீட்டு வாசலிலிருந்து ஓடிய காணொளி, தேதியும் நேரமும் சரியாக இருந்தால், இதற்கும் கைகொடுக்கும். காலில் கட்டோடு கிடக்கும்போது பாதை வரைபடம் போட்டு விளக்குவதைவிட இது சுலபம்.

காணொளியை உடனே டிக்டாக்கில் ஏற்றுவது இப்போது வழக்கமாகிவிட்டது. விசாரணை முடியும்வரை அதைத் தவிர்க்கவே வேண்டும். ஊரே பார்த்துக் கருத்துச் சொல்லும். காரோட்டியும் பார்த்துத் தன் கதையை அதற்கேற்பத் திருத்திக்கொள்வார். இன்னொன்றும் உண்டு. கேமரா யாருக்கும் உறவினர் அல்ல. அவசரப் பாதையில் முந்தியது, சிவப்பு விளக்கைத் தாண்டியது, கராக் நெடுஞ்சாலையில் வேகமுள் எங்கே நின்றது எல்லாம் அதே கார்டில்தான் இருக்கும். சாகச ஓட்டங்களைப் பதிவேற்றியவர்களை அந்தக் காணொளியைக் கொண்டே போலீஸ் தேடிப் பிடித்த செய்திகள் நமக்குப் புதியவை அல்ல. ஆபத்தாக ஓட்டுவதற்கு அதே சட்டத்தின் 42-ஆவது பிரிவு காத்திருக்கிறது.

விழுந்தவர் பேச முடியாத நிலையில் இருந்தால் இந்தக் காரியங்களை வீட்டில் உள்ளவர்கள்தான் செய்ய வேண்டியிருக்கும். மோட்டார் சைக்கிள் போலீஸ் நிலைய வளாகத்துக்குப் போயிருக்கும், தலைக்கவசம் சாலையோரத்திலோ மருத்துவமனையிலோ கிடக்கும். கேமரா எதில் இருக்கிறது, கார்டை எப்படிக் கழற்றுவது என்று மனைவிக்கோ அண்ணன் தம்பிக்கோ ஒரு முறை காட்டிவைத்திருந்தால், அன்று மாலையே அவர்கள் போய்த் தேடுவார்கள். கேமராவின் அடியில் ஒரு சிறு தாளில் வீட்டுத் தொலைபேசி எண்ணை எழுதி ஒட்டி, அதன் மேல் ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்டிவைக்கலாம். சாலையில் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் அழைக்க ஓர் எண் இருக்கும்.